புகையிலையும் முக்காடும்

ஈரானியர் இல்லங்களில் தொங்கும் நாட்காட்டியின் ஒரு தாளைப் பார்த்தாலே போதும். அந்நாட்டின் நெடிய வரலாறு அதில் மடிந்து கிடப்பதை நாம் உணரலாம். ஆண்டின் எண்ணிக்கை, இறைத்தூதர் முகம்மது மக்காவை விட்டு மதீனாவுக்குப் பெயர்ந்த கி.பி. 622இலிருந்து தொடங்குகிறது. ஆயினும் ஏனைய பெரும்பாலான இசுலாமிய நாடுகளில் போல நிலவைக் கொண்டு அல்லாமல், ஞாயிற்றைக் கொண்டே அவ்வாண்டு அளக்கப்படுகிறது. பகலும் இரவும் ஒத்த அளவாகும் மார்ச்சுத் திங்கள் நாளில் 'நவ்ரோஸ்' என்னும் புத்தாண்டு பிறக்கிறது. மாதங்களின் பெயர்களோ இசுலாத்திற்கு முற்பட்ட ஜரதுஷ்டிர சமயத்தின் வானவர்களுடையவை. ஆபான் நீருக்குரியது, ஆசர் நெருப்புக்குரியது, பஹ்மன் நல்லெண்ணத்திற்குரியது. 1979இல் மன்னராட்சி வீழ்ந்து இசுலாமியப் புரட்சி வென்ற பிப்ரவரி 11ஆம் நாளை, புரட்சியாளர்களே 'பஹ்மன் 22' என்றுதான் ஆண்டுதோறும் கொண்டாடி வந்தனர். இசுலாமியக் குடியரசின் வெற்றித் திருநாளுக்கு ஜரதுஷ்டிர வானவரின் பெயர்! இதில் ஒரு முரண்பாடு இருப்பதாக அங்கே எவரும் பொதுவாக எண்ணுவதில்லை.

இவ்விரண்டு நினைவுகளையும் ஈரானியர் ஒன்றாகவே சுமந்து வந்துள்ளனர். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றி எறியுமாறு ஆணையிட்டவர்கள், கடந்த நூறாண்டுகளில் அவர்களை ஆண்டவர்களே ஆவர். அவ்வாணைகள் எதைச் சாதித்தன, எதை அழித்தன என்பதையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

முதலில் பழங்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் சாசானியப் பேரரசை வீழ்த்தின. அதே காலத்தில் வெல்லப்பட்ட எகிப்தும் சிரியாவும் நாளடைவில் தம் பழைய மொழிகளை விட்டு அரபு மொழிக்கு மாறிவிட்டன. பாரசீகம் சமயத்தை ஏற்றுக்கொண்டது, மொழியை விடவில்லை. கி.பி. 1010 அளவில் பிர்தௌசி என்னும் கவிஞர் ஏறத்தாழ 50,000 ஈரடிகளில் 'ஷா நாமா' என்னும் மன்னர் காவியத்தைப் பாடி முடித்தார். இசுலாமியராகிய அவர் பாடியது இசுலாத்திற்கு முற்பட்ட மன்னர்களின் கதையை என்பது நோக்கத்தக்கது. பின்னர் 1501இல் சபாவி மரபின் ஷா இஸ்மாயில், அதுகாறும் பெரும்பாலும் சுன்னியராயிருந்த நாட்டில் ஷியா நெறியை அரச சமயமாக அறிவித்தார். அதுவும் வாள்முனையில் வந்ததே. ஆனால் கி.பி. 680இல் கர்பலாப் போர்க்களத்தில் உயிர்நீத்த இமாம் ஹுசைனின் நினைவு, காலப்போக்கில் அம்மக்களின் உள்ளத்தோடு ஒன்றிவிட்டது. கடைசிச் சாசானிய மன்னரின் மகள் ஷகர்பானு ஹுசைனுக்கு மணமுடிக்கப்பட்டார் என்றொரு மரபுக்கதை அங்கு வழங்குகிறது. வரலாற்றாசிரியர்கள் அதை ஐயுறுகின்றனர். ஐயுறட்டும். மன்னர் குலத்தையும் மறைசாட்சியின் குலத்தையும் ஒரே இல்லத்தில் சேர்த்துவைக்க ஒரு மக்களினம் எவ்வளவு ஏங்கியது என்பதை அக்கதை நமக்குக் காட்டவில்லையா?

இனி நாம் பெரிதும் கருத்தில் கொள்ள வேண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். 1890 மார்ச்சில், காஜார் மரபின் நாசிருத்தீன் ஷா, டால்பட் என்னும் ஆங்கிலேயருக்கு ஈரானின் புகையிலை முழுவதையும் ஐம்பது ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டார். விளைச்சல், விற்பனை, ஏற்றுமதி அனைத்தும் அவருடைய ஏகபோகமாயின. மன்னருக்குக் கிடைக்கவிருந்தது ஆண்டுக்கு 15,000 பவுனும் இலாபத்தில் நாலில் ஒரு பங்கும்தான். உழவரும் கடைவீதி வணிகரும் கொதித்தெழுந்தனர். ஷீராசிலும் தப்ரீசிலும் இஸ்பகானிலும் கலகம் மூண்டது. 1891 டிசம்பரில், மிர்சா ஹசன் ஷீராசி என்னும் முதுபெரும் சமய அறிஞரின் பெயரில் ஒரு பத்வா வெளிவந்தது. அவர் ஈரானில் வாழ்ந்தவர் அல்லர். உதுமானியரின் ஆட்சியிலிருந்த ஈராக்கின் சமாரா நகரத்தில் வாழ்ந்தவர். இனிப் புகையிலையைத் தொடுவது, மறைந்திருக்கும் இமாமை எதிர்த்துப் போரிடுவதற்கு ஒப்பாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நாடெங்கும் ஹூக்காக்கள் அணைந்தன. மன்னரின் அந்தப்புரத்து அரசியரே புகைக்க மறுத்துவிட்டனர். இத்தீர்ப்புக்குச் சற்றும் கட்டுப்படாத கிறித்தவரும் யூதரும்கூட அண்டை வீட்டாரோடு சேர்ந்து புகைப்பதை நிறுத்தினர் என்று வரலாறு கூறுகிறது. அடுத்த சனவரியில் ஒப்பந்தம் முற்றாக நீக்கப்பட்டது. மன்னர் 5 இலட்சம் பவுன் கடன் வாங்கி ஆங்கிலேயருக்கு இழப்பீடு கொடுத்தார்.

அந்த முதியவரிடம் காவலர் இல்லை, சிறைச்சாலை இல்லை, சவுக்கும் இல்லை. பின் எங்கிருந்து வந்தது அவருடைய சொல்லுக்கு அத்துணை வலிமை? ஷியா நம்பிக்கையின்படி பன்னிரண்டாம் இமாம் ஒன்பதாம் நூற்றாண்டில் மறைந்தார். உலகின் முடிவில் மீண்டும் வருவார். அவர் வரும்வரை மண்ணுலகின் எந்த அரசும் முழு நேர்மை உடையதன்று என்பதே பல அறிஞர்களின் கருத்து. அதனால் அரண்மனையிலிருந்து சற்று விலகி நிற்பதே சமய அறிஞருக்குப் பெருமை எனக் கருதப்பட்டது. நம்பிக்கையாளர் ஒவ்வொருவரும் தமக்கு வழிகாட்டியாக ஓர் அறிஞரைத் தாமே தேர்ந்துகொள்வர்; தம் வருவாயில் ஐந்திலொரு பங்காகிய சமயக் காணிக்கையை அவரிடமே நேராகச் செலுத்துவர். மன்னரின் கருவூலத்தை நம்பி வாழாதவர் மன்னருக்கு அஞ்ச வேண்டியதில்லை அன்றோ? மக்கள் தாமாக மனமுவந்து தந்த அதிகாரம் அது. எப்போது வேண்டுமானாலும் அவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் கூடும்.

1906இல் எழுந்த அரசியல் சட்டப் புரட்சியைப் பற்றி ஒரு சொல் மட்டும் கூறி அப்பால் செல்வோம். அதை வழிநடத்தியவர்களுள் மதகுருக்கள் இருந்தனர். அதை எதிர்த்து 1909இல் தூக்கிலிடப்பட்டவரும் ஒரு மதகுருவே. ஷியா குருகுலம் முழுவதையும் ஒரே நிறத்தில் தீட்டிக் காட்டுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

1925இல் படைத்தலைவர் ரேஸா கான் அரியணை ஏறினார். சாசானியர் கால மொழிக்கு வழங்கும் 'பஹ்லவி' என்னும் பெயரையே தம் குடிப்பெயராகச் சூடிக்கொண்டார். வெளிநாட்டார் இனித் தம் நாட்டைப் 'பாரசீகம்' என்னாமல் 'ஈரான்' என்றே அழைக்க வேண்டும் என்று 1935இல் கோரினார். சாலையும் இருப்புப் பாதையும் பல்கலைக்கழகமும் அவர் காலத்தில் வந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் மக்களின் தலைமீதும் கைவைத்தார். ஆண்கள் ஐரோப்பியரைப் போல விளிம்புள்ள தொப்பி அணிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. தொழுகையில் நெற்றி நிலத்தைத் தொட வேண்டும். விளிம்புள்ள தொப்பியோ அதற்குத் தடை. மஷ்ஹத் நகரில், எட்டாம் இமாமின் அடக்கத்தலத்தை ஒட்டிய கவ்ஹர்ஷாத் பள்ளிவாசலில் 1935 சூலையில் மக்கள் திரண்டு முறையிட்டனர். படையினர் உள்ளே நுழைந்து சுட்டனர்.

அடுத்த ஆண்டு சனவரி 8ஆம் நாள், மன்னர் தம் மனைவியையும் புதல்வியரையும் முக்காடின்றித் தெஹ்ரான் ஆசிரியர் கல்லூரி விழாவுக்கு அழைத்து வந்தார். அன்றுமுதல் பெண்கள் முக்காடிடுவது குற்றமாயிற்று. தெருவில் சென்ற பெண்களின் சாதரைக் காவலர் பிடித்து இழுத்துக் கிழித்தனர். வாழ்நாள் முழுவதும் மூடிய தலையோடு நடந்த மூதாட்டியருக்கு அது நிர்வாணமாக்கப்படுவதற்கு ஒப்பாயிற்று. பலர் ஆண்டுக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. மன்னர் தந்த விடுதலை அவர்களை வீட்டுக்குள் சிறைவைத்தது. 1941இல் ஆங்கில, உருசியப் படைகள் நாட்டுக்குள் புகுந்து அவரை அரியணையிலிருந்து இறக்கியதும், முக்காடு தெருவுக்குத் திரும்பிவிட்டது.

மகன் முகம்மது ரேஸா தந்தையைவிட மென்மையானவர். ஆயினும் கனவு அதே கனவுதான். எண்ணெயை நாட்டுடைமையாக்கிய தலைமை அமைச்சர் மொசாதெக்கை 1953இல் அமெரிக்க, ஆங்கில உளவுத்துறைகளின் துணையோடு வீழ்த்திய பின்னர், அவருடைய ஆட்சி மக்களின் ஒப்புதலை விடுத்து இரகசியக் காவல்துறையை நம்பத் தொடங்கியது. 1971 அக்டோபரில் பாரசீக முடியாட்சியின் 2,500ஆம் ஆண்டு விழாவைப் பெர்சிபோலிசின் இடிபாடுகளுக்கிடையே பட்டுக் கூடாரங்கள் அமைத்துக் கொண்டாடினார். விருந்துணவு பாரிசிலிருந்து வந்தது. 1976இல் நாட்காட்டியையே மாற்றினார்! ஆண்டு எண்ணிக்கை இனி ஹிஜ்ராவிலிருந்து அன்று, சைரசு மன்னரிலிருந்து தொடங்கும் என்றார். 1355ஆம் ஆண்டு 2535ஆம் ஆண்டாயிற்று. ஈரானியர் அனைவரும் 1,180 ஆண்டுகளை ஒரே தாவலில் கடந்தனர். இரண்டே ஆண்டுகளில், மக்கள் எழுச்சிக்கு அஞ்சி, அந்த நாட்காட்டியை அரசே கைவிட நேர்ந்தது.

அவ்வெழுச்சியில் கல்லூரி மாணவியரும் அலுவலகப் பெண்களும்கூட மன்னர்மீதுள்ள சினத்தால் தாமாகவே சாதரை எடுத்துப் போர்த்துக்கொண்டு ஊர்வலம் சென்றனர். அன்று அது விடுதலையின் கொடியாயிருந்தது. 1979 பிப்ரவரி முதல் நாள் ஆயத்துல்லா கொமேனி நாடு திரும்பினார். ஒரு திங்கள் கழிந்ததும், அரசு அலுவலகங்களில் பெண்கள் முக்காடிட்டே வர வேண்டும் என்ற அறிவிப்பு எழுந்தது. மார்ச் 8ஆம் நாள், உலக மகளிர் தினத்தன்று, ஆயிரக்கணக்கான பெண்கள் தெஹ்ரான் வீதிகளில் எதிர்த்து நின்றனர். முன்னர் விரும்பிப் போர்த்தியவர்களும் அவர்களுள் இருந்தனர். 1983இல் முக்காடின்றி வெளியே வருவோர்க்கு 74 கசையடி என்று சட்டம் இயற்றப்பட்டது. 1936இல் காவலர் கழற்றியதை 1983இல் காவலர் கட்டிவிட்டனர். அப்பெண்களைக் கேட்டவர் எவருமிலர்.

ஆனால் மிகப் பெரிய மாற்றம் பெண்களின் தலையில் அன்று, மதகுருக்களின் இருக்கையில் நிகழ்ந்தது. மறைந்த இமாம் வரும்வரை சமயச் சட்ட வல்லுநரே நாட்டை ஆள வேண்டும் என்னும் கோட்பாட்டைக் கொமேனி 1970இல் நஜஃபில் தம் மாணவர்களுக்கு எடுத்துரைத்தார். மூத்த ஆயத்துல்லாக்கள் பலர் இதை ஏற்கவில்லை. எனினும் 1979இன் அரசியல் சட்டத்தில் அது இடம்பெற்றது. சமாராவிலிருந்து மடல் எழுதியவரின் வழித்தோன்றல்கள் அமைச்சகங்களிலும் நீதிமன்றங்களிலும் சிறைகளிலும் பொறுப்பேற்றனர்.

அச்சட்டத்தை வகுத்த அவைக்குத் தலைமை தாங்கியவர் ஆயத்துல்லா உசைன் அலி மொந்தசேரி. உழவர் குடியில் பிறந்தவர். மன்னராட்சியில் பலமுறை சிறைப்பட்டவர். 1985இல் கொமேனிக்குப் பின் நாட்டை ஆளவிருப்பவராக அவர் அறிவிக்கப்பட்டார். 1988 கோடையில், ஈராக்குடனான எட்டாண்டுப் போர் முடியும் தறுவாயில், ஏற்கெனவே தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த அரசியல் கைதிகள் ஆயிரக்கணக்கில் தூக்கிலிடப்பட்டனர். மொந்தசேரி வாய் மூடியிருந்திருக்கலாம். சில திங்களில் அரியணை தாமாக அவரைத் தேடி வந்திருக்கும். அவரோ தம் ஆசானாகிய கொமேனிக்கே கண்டித்து மடல் எழுதினார். கொலைக்குப் பொறுப்பான அதிகாரிகளை நேரில் அழைத்து, வரலாறு உங்களைக் குற்றவாளிகள் என்றே எழுதும் என்று எச்சரித்தார். அவ்வுரையாடலின் ஒலிப்பதிவு 2016இல் வெளிவந்து உலகைத் திடுக்கிடச் செய்தது. 1989 மார்ச்சில் அவர் பதவி பறிக்கப்பட்டது. 1997 முதல் 2003 வரை கும் நகரில் வீட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். தாம் கட்டிய இல்லத்தின் சுவருக்குள் தாமே அடைபட்டார் எனலாம். 2008இல், ஈரானில் எந்த உரிமையும் மறுக்கப்பட்ட பகாய் சமயத்தாரும் இந்நாட்டின் குடிமக்களே என்று எழுதி வைத்தார். 2009 டிசம்பரில் அவர் மறைந்தபோது கும் நகரை நிறைத்த மக்கள் வெள்ளம், அவருக்கு எந்த அரசுப் பதவியும் இல்லாதிருந்ததாலேயே அங்கு திரண்டது.

சமயம் அரியணையில் அமர்ந்ததால் சமயத்துக்கு என்ன நேர்ந்தது? 2023இல், அரசுக்கும் சமயக் கல்விக்கூடங்களுக்கும் இடையே தொடர்பாளராயிருந்த மதகுரு ஒருவரே, நாட்டின் 75,000 பள்ளிவாசல்களில் சுமார் 50,000 மூடிக் கிடப்பதாக வருந்திக் கூறினார். மன்னர்களின் துப்பாக்கியால் இயலாதது இது. இதற்கு நேர் எதிரான வியப்பும் உண்டு. 1976இல் எழுத்தறிவு பெற்ற பெண்கள் நூற்றுக்கு 35 பேர் அளவிலேயே இருந்தனர். 2016இல் அது 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. மன்னர் காலத்துக் கல்லூரிக்கு மகளை அனுப்ப அஞ்சிய பக்தியுள்ள தந்தையர், முக்காடிட்ட கல்லூரிக்கு அஞ்சாமல் அனுப்பினர். அம்மகள்கள் படித்தார்கள், பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் நிறைந்தார்கள், பின்னர் கேள்வி கேட்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுவைத் தடைசெய்த கொமேனி, இரவுத் தனிமையில் மதுக்கடையையும் காதலியையும் உருவகமாகக் கொண்டு கசல் பாடல்கள் எழுதிவந்தார் என்பது 1989இல் அவர் மறைந்த பிறகே மக்களுக்குத் தெரிந்தது. பாரசீகக் கவிமரபு அவரையும் விட்டுவைக்கவில்லை.

அந்நாட்டுக் கிறித்தவரைப் பற்றிப் பேசாமல் நாம் செல்லவியலாது. அவர்களோடு நமக்கு உறவும் உண்டு. சென்னைப் பரங்கிமலை ஆலயத்தின் பழஞ்சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்துகள் பஹ்லவி எழுத்துகளே. அம்மலைக்கு ஏறும் படிகளை அமைத்த வணிகர் பெத்ரூஸ் உஸ்கான், இஸ்பகானின் ஜுல்பா குடியிருப்பு வழிவந்த ஆர்மீனியர். ஷா அப்பாஸ் 1604-05இல் எல்லைப்புறத்து ஆர்மீனியரை வலிந்து பெயர்த்துக் கொணர்ந்து அமர்த்திய இடம் அது. 1638இல் அங்கு அச்சான திருப்பாடல் நூல், ஈரான் மண்ணில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று. 1979இன் அரசியல் சட்டம் கிறித்தவர், யூதர், ஜரதுஷ்டிரர் ஆகியோரை ஏற்று, நாடாளுமன்றத்தில் இம்மூவருக்கும் சேர்த்து ஐந்து இடங்களை ஒதுக்கியது. ஆர்மீனியர் ஆர்மீனிய மொழியில் வழிபடத் தடையில்லை. அதே செபத்தைப் பாரசீக மொழியில் சொன்னால் அது குற்றத்தின் எல்லைக்குள் போயிற்று. பாரசீக மொழி வழிபாடு நடந்த தெஹ்ரான் ஆலயம் ஒன்று 2013இல் மூடப்பட்டது. நாட்டின் மொழியிலேயே நாட்டின் கிறித்தவன் செபிக்கலாகாதாம்! மதம் மாறியதற்காக மரண தண்டனை பெற்ற மெஹ்தி திபாஜின் விடுதலைக்குக் குரலெழுப்பிய ஆயர் ஹைக் ஹொவ்செபியான், அவர் விடுதலையான சில நாட்களில், 1994 சனவரியில் கொலையுண்டார். அதே ஆண்டில் திபாஜும் கொல்லப்பட்டார். இத்தகைய மண்ணில் பணிபுரியும் தெஹ்ரான்-இஸ்பகான் இலத்தீன் பேராயர் தொமினிக் மத்தியூவைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பரில் கர்தினாலாக உயர்த்தினார்.

சைரசு மன்னரை நாம் திருவிவிலியத்தின் வழியே அறிவோம். பாபிலோனில் சிறைப்பட்ட யூதரை விடுவித்த அம்மன்னரை, எசாயாவின் 45ஆம் அதிகாரம் ஆண்டவரால் அருள்பொழிவு செய்யப்பட்டவராகப் போற்றுகிறது. இசுலாமியக் குடியரசுக்கு அவர் நெடுங்காலம் வேண்டாத விருந்தினர், மன்னராட்சியின் அடையாளம். ஆனால் 2010இல் அவருடைய களிமண் உருளை இலண்டனிலிருந்து தெஹ்ரானுக்குக் கடனாக வந்தபோது, குடியரசுத் தலைவர் அகமதிநெஜாத், சைரசாக வேடமிட்டிருந்தவரின் கழுத்தில் புரட்சித் தொண்டர்கள் அணியும் துண்டைப் போர்த்தினார். 2016 அக்டோபரில் பசர்கதாயிலுள்ள சைரசின் கல்லறையருகே ஆயிரக்கணக்கானோர் தாமாகத் திரண்டனர். அவர்களைத் திரட்டியவர்கள் எனச் சிலர் சிறைப்படுத்தப்பட்டனர். அரசு அணிவித்தால் சைரசு தேசபக்தர். மக்கள் அழைத்தால் கலகக்காரர்.

2022 செப்டம்பரில், முக்காட்டை முறையாக அணியவில்லை என்று ஒழுக்கக் காவலரால் பிடிக்கப்பட்ட மஹ்சா அமீனி என்னும் 22 வயதுக் குர்திய இளம்பெண், காவலிலிருந்தபோதே நினைவிழந்து மாண்டார். அதைத் தொடர்ந்த எழுச்சியில் 500க்கு மேற்பட்டோர் உயிரிழந்ததாக மனித உரிமை அமைப்புகள் கணக்கிட்டன. பள்ளிச் சிறுமியர் வகுப்பறையிலேயே முக்காட்டைக் கழற்றினர். எழுச்சி அடக்கப்பட்டது, கழன்ற முக்காடுகள் பல திரும்பி ஏறவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய கடுமையான புதிய முக்காட்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தத் துணியாமல் 2024 டிசம்பரில் அரசு நிறுத்தி வைத்தது. ஒரு மடலால் நாட்டின் ஹூக்காக்கள் அனைத்தையும் அணைத்த சமயக் குரல், நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின், காவலரும் சவுக்கும் சிறையும் கையிலிருந்தும், ஒரு முழத் துணியைப் பெண்களின் தலையில் நிறுத்த இயலாமல் நின்றது.

2025 சூனில் இசுரயேல் ஈரானைத் தாக்கியது. பன்னிரண்டு நாட்கள் போர் நடந்தது. 1989 முதல் உச்சத் தலைவராக விளங்கிய ஆயத்துல்லா கமேனி அந்நாட்களில் பொதுவெளியில் தோன்றவில்லை. சூலை 5ஆம் நாள், கர்பலாவின் துயரை நினைவுகூரும் ஆஷுராவின் முன்னிரவில், கறுப்புடை அணிந்தோர் கூடியிருந்த மண்டபத்துக்கு அவர் வந்தார். அங்கே இமாம் ஹுசைனுக்குப் புலம்பல் பாடும் பாடகரை அருகழைத்து அவர் கேட்டது, ஈரான் என்னும் தாயகத்தைப் பற்றிய ஒரு பாடலை. பாடகர் பாடினார், கூடியிருந்தவர்கள் மார்பில் அறைந்துகொண்டே உடன் பாடினர்.